எட்டுச் சார்புகளுக்கு ஒன்பது பெறுதிகள்

என் கணவருக்குக் கணக்குத் தெரியும். இதை நான் சொல்லவில்லை, அவர் சொல்வது. கல்யாணம் பேசிய நாட்களில் தொலைபேசியில் அவர் என்னிடம் சொன்ன மூன்றாவது வாக்கியமே அதுதான். யாழ்ப்பாணத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவு. சோதனை எழுத முன்னரே நாட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்துவிட்டது. எழுதியிருந்தால் இப்போது அவர் ஒரு பொறியியலாளர். நான் கலைப் பிரிவு. நாடகமும் இந்து நாகரிகமும் படித்தவள். அவர் பாலம் கட்டியிருப்பார், நான் அதன் மேல் நின்று நடித்திருப்பேன் என்று ஒருமுறை சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பேர்லினுக்கு வந்து பதினெட்டு வருடங்கள் ஆனபின், நாற்பத்தொரு வயதில், எனக்கு மறுபடியும் படிக்க வேண்டி வந்தது. அதுவரை விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் வேலை. முதுகு பிடிக்கத் தொடங்கியது. சிறுவர் காப்பகத்தில் வேலை செய்வதற்கான பயிற்சி, இங்கே எல்லோரும் அவுஸ்பில்டுங் என்பார்களே, அதில் சேர ஆசைப்பட்டேன். என் ஊர்ச் சான்றிதழ்களை வாங்கிப் பார்த்த அலுவலர் பெண் அவற்றை மிக மரியாதையாகத் திருப்பித் தந்து, மாலைப் பள்ளி ஒன்றின் முகவரியை எழுதித் தந்தாள். அங்கே படித்து அபிட்டூர் எடுத்தால், அதாவது ஜேர்மன் உயர்தரம், எந்தக் கதவும் திறக்கும் என்றாள்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் நொய்கெல்னில் ஓர் உணவகத்தில் சமைக்கிறவர். கைகளில் வெங்காய வாசத்தோடு நின்று முழுதும் கேட்டார்.

"கணக்கும் கிடக்கோ?"

"ஓம். கட்டாயப் பாடம்."

"அப்ப நானும் வாறன்."

"நீங்கள் ஏன்?"

"உமக்குச் சொல்லித்தர ஒரு ஆள் வேணுமெல்லே."

முதலாளியிடம் கேட்டு மதிய வேலைக்கு மாறிக்கொண்டார். இருவரும் ஒரே நாளில் பதிந்தோம், ஒரே வகுப்பில் விழுந்தோம். வாரத்தில் நான்கு மாலைகள் ஒரே யூ-பாணில், அதாவது சுரங்க ரயிலில், போய் ஒரே யூ-பாணில் திரும்பி வந்தோம். பதினெட்டு வருடங்களில் நாங்கள் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்தது அதுவே முதல் தடவை. அதன் நன்மை தீமைகளை இங்கே எழுதப் போவதில்லை.

முதல் வருடம் அவர் பாடு கொண்டாட்டம். சமன்பாடு என்றால் ஆசிரியை எழுதி முடிக்க முன்னர் விடையைச் சொல்லுவார். நான் வீட்டுப்பாடம் செய்து குசினி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வரும்போது கொப்பியில் சிவப்புப் பேனையால் கோடுகள் இருக்கும். ஓரத்தில் 'கவனம்' என்று எழுதியிருக்கும். ஒருமுறை 'முயற்சி போதாது' என்றும் எழுதியிருந்தார். பேனையை எங்கே வாங்கினார் என்று இன்றுவரை தெரியாது. வீட்டில் எந்த மேசை இலாச்சியைத் திறந்தாலும் ஒன்று கிடந்தது.

இரண்டாம் வருடம் வகையிடல் வந்தது. அத்தோடு ஒரு புது ஆசிரியையும் வந்தாள். முப்பது வயது இருக்கும். எந்நேரமும் பெரிய பைகள் வைத்த சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. அந்தப் பைகளில் சோக்கு, அப்பிள், கத்தரிக்கோல் எல்லாம் இருக்கும். முதல் நாளே பலகையில் ஒரு வளைகோட்டைக் கீறினாள். சமன்பாடு எழுதவில்லை.

"இது எத்தனையாம் படி?" என்று ஜேர்மனில் கேட்டாள். அவள் பேசியதெல்லாம் ஜேர்மன்தான், நான் தமிழில் எழுதுகிறேன்.

என் கணவர் கை உயர்த்தினார். "சமன்பாடு இல்லாமல் சொல்ல முடியாது."

"முடியும். இரண்டு கைகளையும் பாருங்கள். பிறகு திருப்பங்களை எண்ணுங்கள்."

அவள் சொன்னது இதுதான். பல்லுறுப்பிச் சார்பின் வரைபுக்கு இடப்பக்கம் ஒரு கை, வலப்பக்கம் ஒரு கை. இரண்டு கைகளும் ஒரே திசையில், இரண்டும் மேலே அல்லது இரண்டும் கீழே போனால், படி இரட்டை எண். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் ஒற்றை எண். நடுவில் கோடு ஏறி இறங்கித் திரும்பும் இடங்களை எண்ண வேண்டும். மூன்றாம் படிக்கு ஆகக்கூடியது இரண்டு திருப்பம், நான்காம் படிக்கு மூன்று. திருப்பங்கள் எப்போதும் படியைவிட ஒன்றாவது குறைவு. பிறகு முக்கியமான சங்கதி: ஒரு சார்பின் சரிவை ஒவ்வொரு இடத்திலும் அளந்து இன்னொரு கோடாகக் கீறினால் அதுதான் பெறுதி. பெறுதி எப்போதும் ஒரு படி கீழே. நான்காம் படியின் பெறுதி மூன்றாம் படி, மூன்றாம் படியினது பரவளைவு, பரவளைவினது நேர்கோடு. சார்பு திரும்பும் இடத்தில் பெறுதி அச்சை வெட்டும்.

எனக்கு அது உடனே பிடித்துப்போனது. பெருக்கல் இல்லை, கூட்டல் இல்லை, பார்த்தால் போதும். தமிழிலே அதற்குப் படி என்று பெயர் வைத்தவர் யாரோ, அவரைக் கும்பிட வேண்டும். மாடியிலிருந்து ஒரு படி இறங்குவதுதானே. நான் வாழ்நாள் முழுதும் மாடிப்படி துடைத்தவள்.

கணவருக்குப் பிடிக்கவே இல்லை.

"இது கணக்கில்லை. சாத்திரம்," என்றார் யூ-பாணில். "கை பாத்துச் சொல்லுறது."

"சரியாத்தானே வருது."

"சரியா வந்தாப் போதுமோ? செய்முறை எங்க?"

அந்த வாரம் நான் செய்த வீட்டுப்பாடம் முழுச் சரி. ஆசிரியை நல்ல பெரிய சரி அடையாளம் போட்டிருந்தாள். அதன் கீழே, என் வீட்டுக் குசினியில், சிவப்பு நிறத்தில் ஒரு வரி புதிதாக முளைத்தது: 'செய்முறை காட்டப்படவில்லை.'

ஆசிரியையின் சரிக்குக் கீழே பிழை போடுகிற மனிதரை என்ன செய்வது? நான் கொப்பியை மூடினேன். தேத்தண்ணி போட்டேன். அப்போதே மனதுக்குள் திட்டம் போட்டுவிட்டேன்.

ஆசிரியை வாரத்துக்கொரு தடவை எங்களுக்கு அட்டை விளையாட்டு வைப்பாள். இருவருக்கு ஒரு கட்டு. எட்டு அட்டைகளில் சார்புகளின் வரைபு, இன்னும் எட்டில் அவற்றின் பெறுதிகள். எதற்கு எது என்று பொருத்த வேண்டும். சார்புகள் எதுவும் நான்காம் படிக்கு மேலே போகாது, அதை முதலே சொல்லிவிடுவாள். எங்கள் வகுப்பில் மேசைக்கு இருவர். கணவனையும் மனைவியையும் ஒரே மேசையில் வைக்கக்கூடாது என்று அவள் முதல் நாளே தீர்மானித்திருந்தாள். எனக்குப் பக்கத்தில் பகலில் பஸ் ஓட்டும் ஒரு மனிதர். கணவருக்குப் பக்கத்தில் பெரும்பாலும் வராத ஒரு பெண். ஆகவே அவர் தனி ராஜாங்கம்.

என் திட்டம் எளிமையானது. அவர் கட்டில் ஒன்பதாவது பெறுதி ஒன்றைச் சேர்த்து வைப்பது.

கட்டில் W எழுத்துப்போல ஒரு நான்காம் படிச் சார்பு உண்டு. கழித்தல் இரண்டில் ஒரு பள்ளம், பூச்சியத்தில் ஒரு மேடு, இரண்டில் இன்னொரு பள்ளம். அதன் பெறுதி இடக்கை கீழே வலக்கை மேலே போகிற மூன்றாம் படிக் கோடு, அந்த மூன்று இடங்களிலும் அச்சை வெட்டும். நான் அதே மூன்று இடங்களில் வெட்டுகிற, ஆனால் கொஞ்சம் ஒல்லியான இன்னொரு கோட்டைக் கீறத் தீர்மானித்தேன். ஒரு W-க்கு இரண்டு பெறுதி. செய்முறை காட்டட்டும்.

தமிழ்க் கடையில் வாங்கிய தேயிலைப் பெட்டியைப் பிரித்து அட்டை வெட்டினேன். இரண்டு பக்கமும் வெள்ளைத் தாள் ஒட்டினேன். அளவுகோலால் அச்சுகள் போட்டேன். கறுப்புப் பேனையை எடுத்து இடப்பக்கத்தின் அடியிலிருந்து தொடங்கினேன். கழித்தல் இரண்டில் அச்சைத் தாண்டி ஏறி, ஒரு திருப்பம், இறங்கி, பூச்சியத்தைக் கடந்து கீழே போய்க்கொண்டிருக்கும்போது கதவுப் பூட்டில் திறப்புப் போடும் சத்தம் கேட்டது. அவர் அரை மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார். என் கை ஒரு துள்ளுத் துள்ளியது. கோடு கீழேயிருந்து கொஞ்சம் எழும்பி மறுபடி விழுந்தது. நான் விடவில்லை, வளைத்து ஒருவழியாக இரண்டுக்குக் கொண்டுபோய் மேலே ஏற்றி முடித்தேன். அட்டையைப் பாண் வெட்டும் பலகைக்குக் கீழே தள்ளினேன்.

"என்ன செய்யிறீர்?"

"படிக்கிறன்."

"கொப்பி எங்க?"

"மனசுக்கை."

அவர் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். பிறகு எடுத்துப் பார்த்தபோது அந்தச் சின்ன நடுக்கம் தெரிந்தது. அழகான கோட்டில் ஒரு மூக்குப்போல. இன்னொரு அட்டை செய்யப் பெட்டியில் இடமில்லை. இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த விளையாட்டு நாள் கட்டுகளை விநியோகிக்க நானே முன்வந்தேன். ஆசிரியை சந்தோசப்பட்டாள். கணவருக்குக் கொடுத்த கட்டில் மேலிருந்து நான்காவதாக என் அட்டை இருந்தது.

முதல் பத்து நிமிடம் அவர் சத்தமாக மூச்சு விட்டுக்கொண்டு அடுக்கினார். அடுத்த பத்து நிமிடம் மூச்சு நின்றுவிட்டது. என் மேசையில் நாங்கள் எட்டையும் முடித்துவிட்டோம். பஸ்காரர் தன் பழைய பாதைகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். கணவர் W அட்டையை நடுவில் வைத்து அதன் இரண்டு பக்கமும் இரண்டு பெறுதிகளை வைத்திருந்தார். இரண்டிலும் அளவுகோலை வைத்து அச்சை வெட்டும் இடங்களை அளந்தார். W-இன் மேல் அளவுகோலைச் சாய்த்துச் சரிவு அளந்தார். கொப்பியில் எழுதினார், வெட்டினார், எழுதினார். நெற்றியில் வியர்வை. சமையலறையில் முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் சமைக்கும்போதுகூட அவருக்கு வியர்க்காது.

பெறுதி அட்டை ஒன்பது இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. ஆசிரியையிடம் கேட்கவும் மாட்டார். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடும்.

மணி அடித்தது. ஆசிரியை ஒவ்வொரு மேசையாக வந்து கட்டுகளைச் சேகரித்தாள். கணவரின் மேசையில் ஒரு கணம் நின்றாள். ஒரு அட்டையை மட்டும் எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் கம்பளிச் சட்டைப் பையில் அப்பிளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நடந்தாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று பயந்தேன். ஆனாலும் சிரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது.

"அந்த ரீச்சர் பிழையா அட்டை அடிச்சிருக்கிறா," என்றார் அவர் வீட்டுக்கு வந்ததும்.

"அப்பிடியோ? எங்கட கட்டில எல்லாம் சரி வந்ததே."

"உங்களுக்குச் சரி வரும். நீங்கள் கை பாக்கிற ஆக்கள்."

இடியப்பத்தைத் தொட்டும் பார்க்கவில்லை. சொதி ஆறிப்போனது. விளம்பரத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அந்தக் கோட்டை நினைவிலிருந்து கீறிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் இனித்தது. இரண்டாம் நாளும் அவர் அதையே கீறிக்கொண்டிருந்தபோது கொஞ்சம் பாவமாக இருந்தது. சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அப்போது பார்த்து, என் ஜேர்மன் கட்டுரையை எடுத்து ஒரு எழுத்துப்பிழையைச் சிவப்பால் வட்டமிட்டார். வாயை மூடிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வேலையால் வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே குசினிக்குள் போய் அந்தத் தாளைப் பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு என்று எதையோ எண்ணுவது போல. பிறகு "ஓ!" என்றார். அவ்வளவுதான். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். என்ன "ஓ" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. உமக்குச் சொன்னா விளங்காது."

இரண்டு கிழமை கழித்துப் பரீட்சை வந்தது. நான்காவது வினாவைப் பார்த்ததும் பேனையைக் கீழே வைத்தேன். என் அட்டை! பிரதி எடுத்து, அச்சுகளோடு, மூக்கோடு, அப்படியே தாளில் இருந்தது. அதற்கு மேலே A, B, C, D என்று நான்கு சார்புகளின் வரைபுகள். D, நம்முடைய W. வினா இப்படி இருந்தது: 'A முதல் D வரை எல்லாம் நான்காம் படிக்கு மேற்படாத பல்லுறுப்பிகள். கீழேயுள்ள வரைபு ஒரு பல்லுறுப்பியின் பெறுதி. அது இவற்றில் எதனுடைய பெறுதி? எதனுடையதும் இல்லை என்றும் விடை தரலாம். காரணம் கூறுக.'

நான் தலையைக் குனிந்து சிரித்தேன். பரீட்சை மண்டபத்தில் இருக்கிற எல்லோரும் மூளையைக் கசக்கி யோசிக்க வேண்டும், நான் மட்டும் யோசிக்க வேண்டியதில்லை. கீறினவளே நான். எதற்காகக் கீறினேன் என்று எனக்குத் தெரியாதா? D என்று எழுதினேன். காரணம் ஒன்றல்ல, மூன்று எழுதினேன். கைகள் எதிர்த்திசையில், ஆகவே பெறுதி ஒற்றைப் படி, ஆகவே சார்பு இரட்டைப் படி. D-யின் மூன்று திருப்பங்களும் பெறுதி அச்சை வெட்டும் மூன்று இடங்களும் ஒன்று. D இறங்கும் இடங்களில் பெறுதி அச்சுக்குக் கீழே, ஏறும் இடங்களில் மேலே. கடைசியில் அடிக்கோடுகூடப் போட்டேன். செய்முறை காட்டப்பட்டது.

விடைத்தாள் திரும்பி வந்தபோது நான்காவது வினாவுக்கு எனக்குக் கிடைத்தது பூச்சியம். கணவருக்கு முழுப் புள்ளி. அவர் இரண்டே வரி எழுதியிருந்தார். 'எதனுடையதும் இல்லை. வரைபில் நான்கு திருப்பங்கள் உண்டு, எனவே பெறுதி குறைந்தது ஐந்தாம் படி, சார்பு குறைந்தது ஆறாம் படி.'

நான்கு திருப்பங்கள். நான் என் தாளில் விரலை வைத்து எண்ணினேன். இடப்பக்க மேடு, ஒன்று. அதற்குப் பிறகு பள்ளம், இரண்டு. மூக்கு, மூன்று. மூக்குக்குப் பிறகு மறுபடி விழுந்த பள்ளம், நான்கு. மூன்றாம் படிக் கோட்டுக்கு இரண்டு திருப்பத்துக்கு மேல் வரவே வராது. வகுப்பில் முதல் நாளே விளங்கிக்கொண்டதாகப் பெருமைப்பட்ட அதே விதி. கதவில் திறப்புப் போட்ட சத்தம் என் கோட்டை இரண்டு படி உயர்த்திவிட்டிருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

"எண்ணிப் பாக்க வேணுமப்பா," என்றார் கணவர், என் தாளை எட்டிப் பார்த்துக்கொண்டு. மிக மென்மையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கமுடியவில்லை.

வகுப்பு முடிந்ததும் அவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு ஆசிரியையிடம் போனேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அது ஐந்தாம் படி இல்லை, மூன்றாம் படி என்று வாதாட வேண்டும். கீறியவளின் எண்ணம் மூன்றாம் படிதான். ஆனால் கீறியவளின் எண்ணம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்?

"நான்காவது வினா," என்றேன்.

"ஆம்?"

"அந்தக் கோடு... அது ஒரு நடுக்கம். கை நடுங்கிப்போய்விட்டது."

"யாருடைய கை?"

அவள் முகத்தில் சிரிப்பில்லை. ஆனால் கம்பளிச் சட்டைப் பைக்குள் கை போனது. என் அட்டையை வெளியே எடுத்து மேசையில் வைத்தாள். பின்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளைத் தாள் ஒரு மூலையில் கழன்றிருந்தது. அதற்குக் கீழே பச்சை நிறத்தில், தேயிலை என்ற சொல்லின் கடைசி எழுத்து, 'லை', முழுசாகத் தெரிந்தது.

"இந்த மொழியில் எழுதத் தெரிந்தவர்கள் வகுப்பில் இரண்டு பேர்," என்றாள். "உங்கள் இரண்டு பேரின் கொப்பி ஓரங்களிலும் இந்த எழுத்துகளைப் பார்த்திருக்கிறேன். யார் செய்தது என்று தெரியவில்லை. ஆகவே பரீட்சையில் போட்டுப் பார்த்தேன்."

"பரீட்சையில் போட்டால் எப்படித் தெரியும்?"

"மற்ற எல்லோரும் கோட்டைப் பார்ப்பார்கள். கீறியவர் மட்டும் பார்க்க மாட்டார்."

எனக்குக் காது சுட்டது. மன்னிப்புக் கேட்டேன். கணவருக்கு ஒரு பாடம் படிப்பிக்க நினைத்தேன் என்று, சிவப்புப் பேனையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே அட்டையை விரலால் சுற்றினாள். சிவப்புப் பேனை வந்த இடத்தில் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினாள்.

பிறகு 'லை'யைக் காட்டிக் கேட்டாள். "இது எத்தனையாம் படி?"

நான் அந்த எழுத்தைப் பார்த்தேன். சுழி, இன்னொரு சுழி, வளைவு. இந்தமுறை அவசரப்படவில்லை. "இது சார்பே இல்லை," என்றேன். "நிலைக்குத்தாக ஒரு கோடு போட்டால் பல இடத்தில் வெட்டும்."

"சரி. அப்படியானால் உங்களுக்கு விதி தெரியும். அந்தப் பூச்சியம் பூச்சியமாகவே இருக்கும். இன்னும் ஒன்று. எனக்குப் புது அட்டைகள் வேண்டும். ஆறு சார்பு, ஆறு பெறுதி. இம்முறை பிழையில்லாமல். உங்கள் கணவரும் சேர்ந்து செய்ய வேண்டும்."

அதுதான் தண்டனை. பூச்சியத்தைவிட அது பெரிது. ஏனென்றால் அவரிடம் இப்போது சொல்லியாக வேண்டும்.

யூ-பாணில் சொன்னேன். வண்டிக்குள் சனம் இருந்தால் கத்தமாட்டார் என்ற நம்பிக்கை. சொல்லச்சொல்ல அவர் முகம் கல்லாகிக்கொண்டே போனது. ஒரு நிறுத்தம் வந்தது, போனது. இன்னொன்றும் போனது.

"மூண்டு நாள்," என்றார் கடைசியில்.

"ஓம்."

"மூண்டு நாள் எனக்கு நித்திரை இல்லை. நான் அந்த ரீச்சர்ப் பிள்ளையைப் போய்ப் பிழை சொன்னனான், அட்டை அடிக்கத் தெரியாதெண்டு."

"ஓம்."

"அந்த நடுக்கம் என்னெண்டு வந்தது?"

"நீங்கள் வந்து கதவைத் திறந்தியள். வெருண்டுபோனன்."

அவர் தலையைக் குனிந்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. நான் அழுகிறாராக்கும் என்று பயந்துவிட்டேன். சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, எதிரில் நாய்க்குட்டியோடு இருந்த கிழவர் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார்.

"அப்ப அந்த ஆறாம் படிக்கு நான்தான் காரணம்!"

"உங்களால வந்த வினைதான்."

"நான் இல்லாட்டி உமக்கு மூண்டாம் படியோட முடிஞ்சிருக்கும்!"

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, மறுபக்கம் போய் வேறு வண்டி பிடித்து வந்தோம்.

அடுத்த ஞாயிறு முழுதும் குசினி மேசையில் அட்டை செய்தோம். அவர் சமன்பாடு எழுதிப் புள்ளிகள் கணக்கிட்டார், நான் கீறினேன். என் கையை அவர் நம்பவில்லை, அவர் கணக்கை நான் நம்பவில்லை. ஒவ்வொரு அட்டையையும் இருவரும் இரண்டு தடவை எண்ணினோம். கைகள் எந்தப் பக்கம், திருப்பம் எத்தனை, எங்கே வெட்டுகிறது. ஓர் இடத்தில் அவர் கழித்தல் அடையாளத்தை விட்டுவிட்டார். பெறுதியின் இரண்டு கைகளும் தலைகீழாகப் போயின. நான்தான் கண்டேன். சிவப்புப் பேனையைத் தேடி இலாச்சியைத் திறந்தேன். அன்றைக்கென்று ஒன்றும் இல்லை. அவர் முதலே எடுத்து ஒளித்துவிட்டார்.

கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது அவர் இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். முதலில் ஒரு அண்ணைக்கு, பிறகு அவரைச் சுற்றி நின்றவர்களுக்கு. அவர் கதையில் நான் அட்டையை வாரக்கணக்காகத் திட்டமிட்டுச் செய்தேன், அவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்தார். மூன்று நாள் எங்கே என்று கேட்டேன். "அது சுருக்கிச் சொன்னனான்," என்றார். "என்ன அக்கா, மனுசனுக்கே சோதனை வைக்கிறியளோ?" என்று சாம்பார் வாளியோடு நின்ற பெடியன்கூடக் கேட்டான். இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.

கொப்பியில் சிவப்புக் கோடுகள் அதன் பிறகு குறைந்தன. நின்றுபோய்விட்டன என்று சொல்லமாட்டேன். ஆனால் 'கவனம்' என்று எழுதியிருந்தால் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருக்கும்.

அடுத்த வருடம் இறுதிப் பரீட்சை. எழுத்துப் பரீட்சையில் என்னைவிட அவருக்குக் கூடப் புள்ளி. எனக்கு வாய்மொழிப் பரீட்சையும் இருந்தது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால், நான் பலகைக்கு முன்னால். அந்தச் சாம்பல் சட்டைக்காரியும் ஒருத்தி. மற்ற இருவரை எனக்குத் தெரியாது. ஒரு வரைபைத் தந்து, இதன் பெறுதியைக் கணக்கிடாமல் கீறிக் காட்டுங்கள் என்றார்கள். சோக்கைக் கையில் எடுத்தேன். உடனே கீறவில்லை. வரைபின் இடக்கையைப் பார்த்தேன், வலக்கையைப் பார்த்தேன், இரண்டும் கீழே. திருப்பங்களை விரலை வைத்து, சத்தமாக, ஜேர்மனில் எண்ணினேன். மூன்று. இரட்டைப் படி, குறைந்தது நான்கு. நான்கு என்று எடுத்தால் பெறுதி மூன்றாம் படி. கைகள் கீழே என்பதால் பெறுதி இடப்பக்கம் மேலேயிருந்து வந்து வலப்பக்கம் கீழே போகும். மூன்று வெட்டு, இரண்டு திருப்பம். பிறகுதான் கீறினேன்.

"ஏன் நான்கு என்று எடுத்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டார். "ஆறாகவும் இருக்கலாமே."

"இருக்கலாம்," என்றேன். "பார்வைக்கு மட்டும் நான்கு. ஆறு என்றால் பெறுதியில் இன்னும் இரண்டு திருப்பம் எங்கேயாவது ஒளிந்திருக்கக்கூடும். இந்தப் படத்தை வைத்து இல்லை என்று சத்தியம் பண்ண முடியாது."

சாம்பல் சட்டைக்காரி தாளில் எதையோ எழுதுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் கணவர் நின்றார். உணவகத்தில் அரைநாள் லீவு போட்டு வந்திருந்தார். கையில் ஒரு பொட்டலம், வரும் வழியில் வாங்கிய உளுந்து வடை.

"என்ன கேட்டவை?"

நடந்துகொண்டே சொன்னேன். வரைபைக் காற்றில் விரலால் கீறிக் காட்டினேன். என் விடையையும் சொன்னேன். அவர் ஒரு வடையைக் கடித்தபடி முழுதும் கேட்டார்.

"பரவாயில்லை," என்றார். "நான் எண்டா வேற மாதிரிச் செய்திருப்பன்."

"எப்பிடி?"

யூ-பாண் நிலையம் வரைக்கும், பிறகு வண்டிக்குள், பிறகு வீட்டுப் படியேறும் வரைக்கும் அவர் எப்படிச் செய்திருப்பார் என்று விளக்கினார். அதில் இரண்டு இடங்களில் பிழை இருந்தது. ஒன்றை மட்டும் சொன்னேன்.